சொர்ணம் சிஸ்டரும் சூட்டுக்கட்டியும்

சொர்ணம் டூட்டிக்கு வந்துவிட்டாளா என்று பார்க்க யாரும் வார்டுக்குள் போக வேண்டியதில்லை. மாடிப்படியிலேயே குரல் கேட்டுவிடும்.

"இன்னா பெரியவரே, தூங்கினீங்களா? பையன் வந்தானா? அந்த இட்லிய ஏன் அப்படியே வச்சிருக்கீங்க? சாப்பிடுங்க, ஒண்ணும் ஆவாது. அடுத்த வாரம் பீச்சுல நீங்க முன்னால ஓடுறீங்க, நான் பின்னால தொரத்திக்கிட்டு வரேன்."

பெரியவர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் பக்கத்துக் கட்டிலுக்குப் போயிருப்பாள்.

புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையின் சர்ஜிக்கல் வார்டில் அவளுக்கு இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். வீடு அரியாங்குப்பத்தில். கணவர் புருஷோத்தமன் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். பகல் முழுக்க மெஷின் சத்தம், சாயங்காலம் சொர்ணத்தின் சத்தம். இரண்டுக்கும் பழகிப்போய் நிம்மதியாக வாழ்ந்துவந்த மனிதர்.

2006ஆம் வருஷக் கோடையில் மேட்ரன் எல்லோரையும் கூப்பிட்டு, நர்சுகளுக்கு ஒரு பயிற்சி வந்திருக்கிறது, ஒவ்வொரு வார்டிலிருந்தும் ஒருத்தர் போக வேண்டும் என்றார். பாலியேட்டிவ் கேர், ஆறு வாரம். உடனே ஒருத்தியின் குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டது. இன்னொருத்தியின் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் வந்துவிட்டது. மூன்றாமவள் காரணம் சொல்லும் சிரமம்கூட இல்லாமல் லிஃப்ட் பக்கம் நழுவினாள். சொர்ணம் மட்டும் கையைத் தூக்கினாள். வகுப்பு நடக்கும் ஹாலில் ஏசி இருப்பது அவளுக்குத் தெரியும். வெளியே கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"இந்த வயசுல உனக்கு எதுக்கு பாலிடெக்னிக்?" என்றார் புருஷோத்தமன்.

"பாலிடெக்னிக் இல்லங்க, பாலியேட்டிவ். குணமாக்க முடியாதுன்னு ஆயிட்ட நோயாளிங்க இருக்காங்கல்ல, அவங்கள வலியில்லாம, நிம்மதியா வச்சிக்கறது எப்படின்னு சொல்லித் தராங்க."

"இத்தினி வருஷமா நர்சா இருக்கியே, உனக்குத் தெரியாததா?"

"எனக்கும் அப்படித்தான் தோணுது. போயி ஏசியில உக்காந்துட்டு வரேன்."

வகுப்பெடுக்க வந்தவள் சுமலதா. அவளும் நர்ஸ்தான். கோழிக்கோட்டில் இதற்கென்றே படித்துவிட்டு வந்தவள். முப்பது வயதுகூட ஆகாத, ஒல்லியான பெண். மைக் இல்லாமல் பேசினால் மூன்றாவது வரிசைக்குக் கேட்காது. 'இந்தப் பொண்ணு நமக்கு என்ன சொல்லித் தரப்போவுது' என்று நினைத்துக்கொண்டே சொர்ணம் ஏசிக்கு நேர் கீழே இடம்பிடித்தாள்.

முதல் நாளே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டியதாயிற்று. வார்டில் மார்பின் என்றால் இரட்டைப் பூட்டுப் போட்ட அலமாரி ஞாபகத்துக்கு வரும். அதைத் தொடவே பயம், கொடுத்தால் பழக்கமாகிவிடும் என்ற பயம். சுமலதா அமைதியாகச் சொன்னாள். புற்றுநோய் வலிக்கு மார்பின் மாத்திரையை அளவு பார்த்து, நேரம் தவறாமல், வலி வருவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். கூடவே மலச்சிக்கலுக்கும் மாத்திரை தர வேண்டும். அப்படிக் கொடுத்தால் யாரும் அடிமையாவதில்லை. வலியில் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார். அழுகிய புண்ணின் நாற்றத்துக்கு, வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற சாதாரண மாத்திரையைப் பொடிசெய்து தூவினால் போதும் என்றும் சொன்னாள். நாற்றத்தால் பேரப்பிள்ளைகள் கிட்டே வராத எத்தனையோ கட்டில்களை சொர்ணம் பார்த்திருக்கிறாள். ஏசியை மறந்துவிட்டு முன்வரிசைக்கு மாறினாள்.

இரண்டாவது வாரம், 'நோயாளியிடம் பேசுவது' என்று பலகையில் எழுதியதும் அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"இதுக்கு நான்தான் கிளாஸ் எடுக்கணும்" என்றாள், பக்கத்திலிருந்த கன்னியம்மாளிடம். கன்னியம்மாள் பாகூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ்.

ஒருத்தர் நோயாளியாகவும் ஒருத்தர் நர்சாகவும் நடிக்க வேண்டும். கன்னியம்மாள் நோயாளி. பெஞ்சில் படுத்துக்கொண்டு, நன்றாகவே நடித்தாள். "எனக்குப் பயமா இருக்குது சிஸ்டர்" என்று முனகினாள்.

"பயமா? எதுக்குப் பயம்? நான் இருக்கேன்ல. எல்லாம் சரியாப் போயிடும். மனசைத் தளர விடாதே. காலையில சாப்பிட்டியா? தைரியமா இரு. சாமியக் கும்பிடு. புள்ளைங்க எத்தன? பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? மாப்பிள்ளை எந்த ஊரு?"

வகுப்பு சிரித்தது. சுமலதாவும் சிரித்துவிட்டாள்.

"அக்கா, அவங்களுக்கு என்ன பயம்னு தெரிஞ்சிதா?"

சொர்ணம் யோசித்தாள். "இல்லியே. மாப்பிள்ளை ஊருகூடத் தெரியலியே."

"ஒரு கேள்வி கேளுங்க. கேட்டுட்டு இருங்க. அவங்களாப் பேசற வரைக்கும் நீங்க பேசக்கூடாது. அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்! மறுபடி கன்னியம்மாள் படுத்தாள். "என்ன பயம் சொல்லு" என்று கேட்டுவிட்டு சொர்ணம் உதட்டை இறுக்கிக்கொண்டாள். கன்னியம்மாள் வேண்டுமென்றே பேசவில்லை. சொர்ணத்தின் முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கை முந்தானையைப் பிசைந்தது. கடைசியில் நோயாளி எழுந்து உட்கார்ந்து, "அக்கா, உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டதும் ஹாலே அதிர்ந்தது.

சொர்ணம் தோல்வியை ஒப்புக்கொள்கிற ஜாதி இல்லை. மறுநாள் கைப்பையில் ஒரு சின்ன டப்பாவில் கல்கண்டு வந்தது. கேள்வி கேட்டதும் ஒரு கல்கண்டை வாயில் போட்டுக்கொள்வது, அது கரையும்வரை பேசாமல் இருப்பது. வீட்டிலும் பழகிப் பார்த்தாள். புருஷோத்தமன் வேலையிலிருந்து வந்ததும், "இன்னிக்கு வேலை எப்படி?" என்று கேட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, கல்கண்டைக் கன்னத்தில் அடக்கி, அவர் முகத்தையே பார்த்தாள்.

அவர் வழக்கம்போல ஷூவைக் கழற்றினார். அவளிடமிருந்து அடுத்த பேச்சு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தார். இவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னா?" என்றார். அவள் தலையை மட்டும் மெதுவாக ஆட்டினாள், சுமலதா சொல்லிக்கொடுத்தபடி. அவருக்கு வேர்த்துவிட்டது. "இல்ல சொர்ணம், அந்த சீட்டு விஷயத்த நானே சொல்லணும்னுதான் இருந்தேன்…" என்று ஆரம்பித்தார். அவள் கேட்டே இருக்காத, கம்பெனி நண்பர்களோடு சேர்ந்து கட்டிக்கொண்டிருந்த ரகசியச் சீட்டு ஒன்று வெளியே வந்து விழுந்தது. மறுநாள் கேட்காமலேயே மல்லிப்பூவும் அல்வாவும் வாங்கிவந்தார். சொர்ணத்துக்கு அன்றுதான் இந்தப் பாடத்தின் அருமை முழுசாகப் புரிந்தது.

நான்காவது வாரம் வீடு வீடாகப் போகும் பயிற்சி. சுமலதாவின் வேனில் சொர்ணமும் ஏறினாள். நகரத்துக்கு வடக்கே, பிள்ளைச்சாவடி மீனவர் குடியிருப்பில் அஞ்சலாட்சி என்று ஒரு பெண். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கூடை சுமந்து மீன் விற்றவள். மார்பில் புற்றுநோய், முதுகெலும்பு வரைக்கும் பரவியாயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் இனி மருந்து இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் வேனில் சுமலதா சொன்னது.

வேன் நின்ற இடத்திலேயே அஞ்சலாட்சியின் புருஷன் கன்னியப்பன் காத்திருந்தார். கட்டுமஸ்தான உடம்பு, உப்புக்காற்றில் வெளுத்த மீசை. வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு விஷயம்மா. அவளுக்கு இன்னா வியாதின்னு தெரியாது. சூட்டுக்கட்டின்னு சொல்லி வச்சிருக்கேன். நெசத்தக் கேட்டா அன்னிக்கே உசுர விட்டுடுவா. நீங்க வாய் தவறிச் சொல்லிடாதீங்க."

சுமலதா, "நாங்களா எதையும் போட்டு உடைக்க மாட்டோம்ணே. ஆனா அவங்களே கேட்டா பொய்யும் சொல்ல மாட்டோம்" என்றாள். கன்னியப்பனுக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது. கும்பிட்டார்.

உள்ளே அஞ்சலாட்சி கயிற்றுக்கட்டிலில் சாய்ந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் புருஷனிடம், "யோவ், சிஸ்டருங்களுக்கு கலர் வாங்கியா. நல்லா ஜில்லுன்னு. ரோட்டுக் கடையில வாங்கு, இங்க உள்ளவன் கரண்டு பில்லுக்குப் பயந்து ஐஸ் பெட்டிய அணைச்சி வச்சிருப்பான்" என்று விரட்டினாள். அவர் தலை மறைந்ததும் சொர்ணத்தின் கையைப் பிடித்தாள்.

"சிஸ்டர், எனக்கு இன்னா நோவுன்னு எனக்குத் தெரியும். எங்க ஆளுக்குத்தான் தெரியாது."

சொர்ணம் திகைத்துப்போய், "அவருக்குத் தெரியாதா?" என்றாள்.

"பாவம், சூட்டுக்கட்டின்னு நம்பிக்கிட்டிருக்குது. பெரிய ஆஸ்பத்திரியில என்னைப் போட்ட வார்டுல இருந்தவ எல்லாம் மொட்டத்தல. எல்லாருக்கும் அந்த நோவு, எனக்கு மட்டும் சூட்டுக்கட்டியா? ஆனா அது வெளிய பாக்கத்தான் முரடு. தெரிஞ்சா தாங்காது. நீ சொல்லிடாதே."

சொர்ணத்தின் வாயில் ஏழெட்டு வாக்கியங்கள் முட்டி மோதின. அவசரமாகக் கல்கண்டைப் போட்டுக்கொண்டாள்.

சுமலதா புண்ணைக் கழுவ, சொர்ணம் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டுப் போட்டாள். மார்பின் மாத்திரையை எப்போது, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். கலர் வந்தது. குடித்தார்கள். கிளம்பும்போது கன்னியப்பன் ஒரு கிண்ணத்தில் எதையோ கலக்கிக்கொண்டிருந்தார். பூசணிக்காய்ச் சாறும் மோரும் விட்ட கஞ்சி. சூட்டுக்கட்டிக்குச் சூடு ஆகாதே! மீன் கூடாது, கருவாடு கூடாது, மிளகாய் கூடாது, புளி கூடாது. பிறந்ததிலிருந்து மீன் இல்லாமல் சோறு தின்றறியாத அஞ்சலாட்சி கண்ணை மூடிக்கொண்டு அதைக் குடித்தாள். வேண்டாம் என்றால் இது சூட்டுக்கட்டி இல்லை என்று அவர் கண்டுபிடித்துவிடுவாராம்.

திரும்பும் வழியெல்லாம் சொர்ணம் குமுறினாள்.

"இது இன்னா அநியாயம் சுமா! இவருக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியல, அவங்களுக்குத் தெரியும்னு இவருக்குத் தெரியல. நடுவுல நான் ரெண்டையும் வயித்துல சுமக்கணுமா? ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சிடும்."

"சொல்றது சுலபம்க்கா. அவங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டாத்தான் அது அவங்களோடது. நாம அதுக்கு எடம் ஒழிச்சிக் கொடுக்கணும்."

"பொய்யும் சொல்லக்கூடாது, நெசத்தையும் போட்டு உடைக்கக்கூடாது. அப்ப இந்த வாய வச்சிக்கிட்டு நான் இன்னாதான் பண்றது?"

சுமலதா சிரித்தாள்.

அடுத்த முறை போனபோது அஞ்சலாட்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தலைவாரிக்கொண்டிருந்தாள். மாத்திரை வேலை செய்திருந்தது. நாற்றமும் இல்லை; வெளியே விளையாடும் பிள்ளைகள் ஒன்றிரண்டு வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடின. சுமலதா அதே தெருவில் இன்னொரு நோயாளியைப் பார்க்கப் போய்விட்டாள். சொர்ணம் தனியாகக் கட்டுப் பிரித்துப் புதுக்கட்டுப் போட்டு முடித்தாள். கன்னியப்பன் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து கட்டிலின் ஓரம் உட்கார்ந்தார்.

அஞ்சலாட்சி கிண்ணத்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பிறகு அவர் நிம்மதிக்காகவே கேட்கிற மாதிரி, "சிஸ்டர், இந்தச் சூட்டுக்கட்டி எப்ப ஆறும்?" என்றாள்.

"ஆமாஞ் சிஸ்டர், எப்ப ஆறும்?" என்றார் கன்னியப்பன், அவளுக்குத் தெரியாமல் கண்ணால் சொர்ணத்தைக் கெஞ்சிக்கொண்டே. இந்தப் பக்கம் அஞ்சலாட்சியும் கண்ணைச் சிமிட்டினாள்.

இரண்டு ஜோடிக் கண்களுக்கும் நடுவில் சொர்ணம் அகப்பட்டுக்கொண்டாள். இருபது வருஷப் பழக்கத்தில் 'ஒண்ணும் ஆவாது' என்ற வார்த்தை நாக்கின் நுனிக்கே வந்துவிட்டது. கை தன்னால் பையைத் துழாவியது. கல்கண்டு டப்பா வேனில் இருந்தது.

"நீங்க ரெண்டு பேரும் இன்னா நெனைக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

கடல் சத்தம் கேட்டது. எங்கோ ஒருத்தி மீன் ஏலத்தில் விலையைக் கூட்டிக் கத்துவது கேட்டது. கன்னியப்பன் கஞ்சியைக் கலக்கினார். மறுபடி கலக்கினார். கலக்க ஒன்றும் இல்லாமல் ஆனபிறகும் கலக்கினார். சொர்ணம் தன் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் வைத்து நசுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரசவ வார்டில்கூட அவள் இவ்வளவு கஷ்டத்தைப் பார்த்ததில்லை.

கரண்டி நின்றது.

"ஆறாது புள்ள" என்றார் கன்னியப்பன். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியது. "அது சூட்டுக்கட்டி இல்ல."

"தெரியும்யா."

அவர் நிமிர்ந்தார். "தெரியுமா? எப்பலேர்ந்து?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்தே."

"அடிப்பாவி, அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ தாங்க மாட்டேன்னுதான்."

"நீ தாங்க மாட்டேன்னு நான் இங்க செத்துக்கிட்டிருக்கேன்…" என்று ஆரம்பித்தவர் முடிக்க முடியாமல் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் அவர் தலையைக் கோதிவிட்டாள். அவள் கண்ணிலும் தண்ணீர். திடீரென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"யோவ், இரு. சூட்டுக்கட்டி இல்லன்னு உனக்குத் தெரியும்."

"ம்."

"அப்ப எதுக்குய்யா இத்தினி நாளா எனக்குப் பூசணிக்காத் தண்ணிய ஊத்தின?"

கன்னியப்பன் விழித்தார். "அது… சூட்டுக்கட்டின்னு சொல்லிட்டு மீனு குடுத்தா நீ சந்தேகப்படுவியேன்னு…"

"நான் வேணான்னா நீ சந்தேகப்படுவியேன்னு நான் குடிச்சேன்யா அந்தக் கருமத்த!"

முதலில் சிரித்தது யார் என்று சொர்ணத்துக்குத் தெரியவில்லை. அவளாகவே இருக்கலாம். அழுதுகொண்டே மூன்று பேரும் சிரித்தார்கள். அஞ்சலாட்சிக்கு மூச்சு வாங்கி, சொர்ணம் முதுகைத் தடவிவிட வேண்டியிருந்தது. மூச்சு வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "சங்கரா மீனு."

கஞ்சி வாசலில் நின்ற நாய்க்குப் போனது. அதுவும் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது. கன்னியப்பன் ஓட்டமாகப் போய் மீனோடு வந்தார். ஆனால் பிடிக்கத் தெரிந்த மனிதருக்குக் குழம்பு வைக்கத் தெரியாது. அஞ்சலாட்சி கட்டிலில் இருந்தபடியே உத்தரவு போட்டாள். "புளிய இன்னும் கரை. அது இன்னா மொளகாத்தூள், விபூதி மாதிரி தூவற? அள்ளிப் போடு. மாங்கா எங்க?" சுமலதா திரும்பி வந்து வாசலில் நின்று பார்த்தாள். தெருவே கேட்கும்படி அந்த வீட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. சொர்ணம் மூலையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

வேனில் ஏறியதும் அவள் கொஞ்சநேரம் அழுதாள். பிறகு ஊர் வரும்வரை மூச்சுவிடாமல் பேசினாள். டிரைவர் ரேடியோவை அணைத்துவிட்டார்.

அஞ்சலாட்சி மழைக்காலம் வரைக்கும் இருந்தாள். ஒருநாள் நாற்காலியோடு அவளைத் தூக்கிப்போய் ஏலம் நடக்கும் இடத்தில் உட்கார வைத்தார்கள். அங்கே பழைய போட்டிக்காரி ஒருத்தியோடு திருக்கை மீனுக்காகச் சண்டை போட்டு ஜெயித்துவிட்டு வந்தாள். தனிக்குடித்தனம் இருக்கும் மருமகளுக்கு எந்த நகை, யாரிடம் சொல்ல வேண்டிய சொல் எது என்பதையெல்லாம் புருஷனோடு உட்கார்ந்து பேசி முடித்தாள். கடைசி நாட்களில் பேச்சு குறைந்தது, ஆனால் வலி என்று கத்தவில்லை. வீட்டிலேயே, கன்னியப்பன் மடியில் தலைவைத்தபடி போனாள். செய்தி கேட்டு சொர்ணம் மழையில் நனைந்துகொண்டே ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தாள். சாவு வீட்டில் என்ன சொல்வது என்று முதல்முறையாக அவளுக்குத் தெரியவில்லை. கன்னியப்பன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவரும் அவளிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை.

அதற்கு முன்பே, பயிற்சி முடிந்ததும் மேட்ரனிடம் அவளே போய் நின்று, வாரத்தில் ஒருநாள் சுமலதாவின் வேனில் போக அனுமதி வாங்கியிருந்தாள். மேட்ரன் சம்மதித்ததற்கு, அன்றைக்கு ஒருநாளாவது வார்டு அமைதியாக இருக்கும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்த வருஷக் கடைசியில் அவளுக்கு வந்த நோயாளி தெய்வநாயகம், அரியாங்குப்பத்தில் அவள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடலில் நோய். மனைவி இல்லை. மகனும் மருமகளும் நல்லவர்கள்தான், ஆனால் அவர் அறையில் காலடி வைத்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

சொர்ணம் பாடம் படித்தவள் அல்லவா? கட்டிலருகில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். "உங்களுக்கு மனசுல இன்னா இருக்குதுன்னு சொல்லுங்கய்யா" என்று கேட்டுவிட்டு, அழகாகத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். அவர் விட்டத்தைப் பார்த்தார். இவள் காத்திருந்தாள். இப்போதெல்லாம் அவளுக்குக் கல்கண்டு தேவைப்படவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே. வாயே திறக்காத மனிதர்.

நான்காம் முறை தெய்வநாயகம் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ கிருஷ்ணசாமி கடைக்கிட்ட வண்டிய நிறுத்திட்டு பேசற சத்தம் இங்க வரைக்கும் கேக்குமே. அந்தப் பொண்ணுதானே நீ?"

"ஆமாங்கய்யா" என்றாள் சொர்ணம், கூச்சத்தோடு.

"பின்ன ஏன் இங்க வந்து ஊமை மாதிரி உக்காந்திருக்க? இந்த வீட்ல எல்லாரும் கிசுகிசுன்னு பேசறானுங்க, ஏற்கெனவே செத்துட்ட மாதிரி இருக்குது. எதனா பேசும்மா."

"இன்னா பேசட்டும்?"

"எது வேணா. மீனு இன்னா விலை, பாலத்துல இன்னா கூட்டம், உன் வீட்டுக்காரர் இன்னா சொன்னாரு. பேசு."

சொர்ணம் முக்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அத ஏன் கேக்கறீங்க, காலையில இன்னா ஆச்சின்னா…" என்று தொடங்கினாள். அடுக்களையில் இருந்த மருமகள் கரண்டியை வைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, மாமனாரின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.